குவாரண்டைன் மயோப்பியா: தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள குழுவினருக்கு,

பெற்றோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். சீனாவின் ஷாந்தோங் மாகாணத்தில் ஃபெய்செங் பள்ளிகளில் நடந்த ஆய்வு அதில் வருகிறது. 2020 ஜனவரி முதல் மே வரை பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். ஜூனில் பரிசோதித்தபோது ஆறு வயதினரில் 21.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை. முந்தைய ஐந்து ஆண்டுகளில் இது 5.7 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. இதைத்தான் 'குவாரண்டைன் மயோப்பியா' என்கிறார்கள். 'திரைக் கிட்டப்பார்வை' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரியா?

---

> திரைக் கிட்டப்பார்வை

வேண்டாம் அக்கா. கண் பரிசோதனை என் தொழில், அதனால் சொல்கிறேன். அந்த ஊரில் இணைய வகுப்பு பெரிய பிள்ளைகளுக்குத்தான் அதிக நேரம். பார்வை அதிகம் கெட்டதோ ஆறு முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு. திரை மட்டுமே காரணம் என்றால் இது பொருந்தாது. வெயில் வெளிச்சத்தில் விழித்திரை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது, விழி நீள்வதை அது தடுக்கிறது என்பதே இப்போது வலுவாக உள்ள விளக்கம். வகுப்பறையில் வெளிச்சம் 300, 500 லக்ஸ் (ஒளி அளவின் அலகு) இருந்தால் அதிகம். வெளியே மர நிழலிலேயே பல ஆயிரம். சீனாவின் குவாங்சோ நகரில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று ஆண்டில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5.

இன்னொன்று, ஃபெய்செங்கில் கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து விடாமல் பார்த்தார்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையான கிட்டப்பார்வை இல்லாமல் கண் தசை இறுக்கம் மட்டும் இருந்திருக்கலாம். கையேட்டில் இதையும் ஒரு வரி சேருங்கள்.

போன வாரம் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் ஆள்காட்டி விரலைச் சுருட்டி, அந்த ஓட்டை வழியாகக் கண்ணை இடுக்கிக்கொண்டு பலகையைப் படித்தான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

---

> கண்ணை இடுக்கிக்கொண்டு

கிரேக்கர் பெயர் வைத்ததும் இதைப் பார்த்துத்தான். 'மியெய்ன்' என்றால் மூடுதல், 'ஓப்ஸ்' என்றால் கண். ஆகவே 'இடுக்குப்பார்வை' நமக்குத் தகும். இடுக்கு, இடுக்கண், இடுக்கி எல்லாவற்றிலும் நெருக்கம் என்ற பொருள் ஓடுகிறது.

குவாரண்டைனுக்கு அகத்திணையிலேயே சொல் இருக்கிறது. தினைப்புனம் காத்த தலைவியை வெளியே விடாமல் வீட்டுக்குள் வைத்துக் காப்பது இற்செறிப்பு. இல் + செறிப்பு, லகரம் றகரமானது. இற்செறிப்புக் கிட்டப்பார்வை! பிள்ளைகளை மாதக்கணக்கில் உள்ளே வைத்ததற்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரியவில்லை.

---

ஐயா, அழகான சொல். ஆனால் என் வகுப்புப் பிள்ளைகளின் அம்மாக்கள் இதை வேறேதோ நோய் என்று நினைத்துப் பயந்துவிடுவார்கள். 'கிட்டப்பார்வை' என்பதையே கிட்டத்தில் பார்வை போய்விட்டது என்று புரிந்துகொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஊரடங்குக் கிட்டப்பார்வை போதாதா?

---

நாங்கள் இலங்கையில் 'குறும்பார்வை' என்றுதான் படித்தோம். அந்தக் குழப்பம் அதில் குறைவு. 'ஊரடங்கு' எனக்கு உவப்பில்லை. ஊரடங்கு முடிந்ததும் நோயும் முடிந்தது என்று ஆகிவிடும். பள்ளி, டியூஷன், வீடு என்று இன்றைக்கும் வெயில் படாத பிள்ளைகள் எத்தனை பேர்!

---

அனைவருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். 'வீட்டடைப்பு கிட்டப்பார்வை' என்று போடுகிறேன், நான்கு பேர் தனிமடலில் சரி என்றார்கள். முதல் முறை வரும் இடத்தில் "தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும்" என்று விளக்கமும் உண்டு. குறும்பார்வையை அடைப்புக்குறிக்குள் சேர்த்துவிட்டேன்.

---

வீட்டடைப்புக் கிட்டப்பார்வை. ககரம் மிகும், அச்சுக்கு முன் திருத்திவிடுங்கள் அம்மா. இற்செறிப்பை நான் விடுவதாக இல்லை. சொன்னால் பிள்ளைகளுக்குப் புரியும், நாம்தான் சொல்லிக்கொடுப்பதில்லை.