வரைபடத்துக்கு வெளியே ஒரு கொடி

ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் குடிவந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் ‘அல்மான்யா’ பார்த்தேன். 2011-ல் வந்த ஜெர்மன் நகைச்சுவைப் படம். யாஸெமின் ஷம்தெரெலி இயக்கியது. தங்கை நெஸ்ரினோடு சேர்ந்து எழுதியிருக்கிறார். கூட உட்கார்ந்து பார்த்தவர் கீழ்வீட்டுத் துருக்கி அம்மா. ‘தெய்ஸே’ என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் மொழியில் பெரியம்மா, சித்தி இரண்டுக்கும் அதுதான் சொல். அவருடைய பேரனும் இருந்தான்.

1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு, ஆலைகளுக்கு ஆள் எடுக்க ஆரம்பித்தது. 1964-ல் பத்து லட்சமாவது வெளிநாட்டுத் தொழிலாளியாக ஒரு போர்த்துக்கீசியர் வந்திறங்க, கொலோன் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தில் அவருக்கு ஒரு மொபெட் பரிசாகக் கொடுத்தார்கள். இதெல்லாம் நிஜமாகவே நடந்தது. படத்தில் வரும் துருக்கித் தொழிலாளி ஹுசைன் அவருக்கு அடுத்த ஆள், பத்து லட்சத்து ஒன்றாவது. நான் தினமும் ரயில் மாறுகிற நிலையம் அது. மறுநாள் காலை அந்த நடைமேடையில் சும்மா கொஞ்ச நேரம் நின்றேன்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்தது மொழியை வைத்துச் செய்த வேலை. பழைய காலக் காட்சிகளில் துருக்கிக் குடும்பம் சுத்தமான ஜெர்மன் பேசுகிறது. ஜெர்மன்காரர்கள் பேசுவதோ எந்த மொழியிலும் சேராத உளறல்! ஒரு வார்த்தை புரியாது. தெய்ஸே முதலில் குழம்பிப்போய், “இது என்னடா பாஷை?” என்று பேரனைக் கேட்டார். விஷயம் பிடிபட்டதும் கைதட்டிச் சிரித்தார். “எனக்கு அப்படியேதான் கேட்டது, அப்படியேதான்!” எனக்கும்தான். வந்த புதிதில் ரொட்டிக்கடையில் அந்தப் பெண் சொன்னதெல்லாம் இதே மாதிரிதான் காதில் விழுந்தது. கை நீட்டிக் காட்டித்தான் வாங்கினேன்.

அப்புறம் அந்தச் சின்னப் பையன் ஜெங்க். வகுப்பில் யார் எந்த ஊர் என்று கொடி குத்துகிறார்கள். அவன் தாத்தா ஹுசைனின் ஊர், துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவில். சுவரில் இருப்பதோ ஐரோப்பிய வரைபடம், இஸ்தான்புல்லோடு முடிந்துவிடுகிறது. அவன் கொடி வரைபடத்துக்கு வெளியே, வெறும் சுவரில் போய் நிற்கிறது. தெய்ஸேயின் பேரன் அதைப் பார்த்துச் சிரிக்கவே இல்லை.

பிரான்சில் 2014-ல் வந்து கூட்டத்தை அள்ளிய ஒரு மருமகன்கள் படமும் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கக் குடும்பத்தின் நாலு பெண்களும் வேறு வேறு இனத்தில் கட்டிக்கொள்வார்கள். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் அது மாமனார் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்து எடுத்த படம். ‘அல்மான்யா’ வந்தவர்களின் அடுப்படியிலிருந்து எடுத்தது. என் ஓட்டு இதற்குத்தான்.

கதையைச் சொல்லிவிடுகிறேன், மன்னியுங்கள். ஊருக்குப் போகும் வழியில் ஹுசைன் இறந்துவிடுகிறார். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட் இருப்பதால், பிறந்த நாட்டிலேயே வெளிநாட்டுக்காரர் என்று அடக்கம் செய்யத் தகராறு. தெய்ஸே அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவரையும் ஊருக்குக் கொண்டுபோய்த்தான் அடக்கம் செய்தார்கள்.

படம் முடிந்ததும் எழுந்து போய், இரட்டைக் கெட்டிலில் தேநீர் வைத்தார். பேரன் பின்னாலேயே போனான். “பாட்டி, வந்த முதல் நாள் கடையில் நீ என்ன வாங்கினாய்?” என்று கேட்டான். அன்று ராத்திரி பதினொரு மணி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.