தொடக்கப் பள்ளி வேலையும் வீடும்: மனதை விட்டுப் போகாத ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

பாம்பன் டீச்சர்

சிறு வகுப்புகளுக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து ஒன்று முதல் மூன்று வரை எல்லா வகுப்புக்கும் நான்தான். அது எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்றைக்கு மகனுக்குக் காய்ச்சல். மாமியார் மதியத்திலிருந்து போன் செய்துகொண்டே இருந்தார். பாலத்தைத் தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேர வேண்டும். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தால், வாசலில் ஒரு அம்மா.

பாசி எடுத்துவிட்டு, தென்கடல் கரையிலிருந்து நேராக வந்திருக்கிறார். விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை. பாறையில் பாசியைப் பிய்க்கும்போது விரல் கிழியாமல் இருக்கக் கட்டுகிற துணி. உப்புத் தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஒரு விரலில் துணிக்கு மேலே ரத்தக் கறை. அந்தக் கையில் மகளின் நோட்டு. நனைந்துவிடக் கூடாது என்று இரண்டு விரலால் ஓரத்தை மட்டும் பிடித்திருந்தார்.

"டீச்சர், இதுல வீட்டில் படிக்க வைக்கவும்னு எழுதியிருக்கீங்களாம். அவ அண்ணன் வாசிச்சுச் சொன்னான். எனக்கு எழுத்து தெரியாது. இருட்டோட கடலுக்குப் போனா வர இந்நேரம் ஆயிருது. நீங்க உங்க பிள்ளைய எப்ப படிக்க வைப்பீங்க? சொன்னீங்கன்னா நானும் அதே மாதிரி செஞ்சுக்கிறேன்."

குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே வழி கேட்டார். டீச்சர் என்றால் வேலைக்கும் போய், பிள்ளையையும் படிக்க வைக்க ஏதோ ஒரு முறை வைத்திருப்பாள் என்று நம்பி வந்திருக்கிறார். அந்தக் கேள்வியும் அந்த விரல்களும் இன்னும் என்னை விடவில்லை. உங்களிடமும் இப்படி யாராவது வந்து நின்றதுண்டா?

தேவிபட்டினம் சார்

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. தனியார் பள்ளி வேன் தெருவுக்குள்ளேயே வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்த சமயம். நம் பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு, ஊர்க்காரர்களிடம் போய் "உங்கள் பிள்ளையை அரசுப் பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று எந்த முகத்தோடு கேட்பது? என் மகளை என்னிடமே சேர்த்தேன். மனைவி தொண்டிப் பக்கம் வேறொரு பள்ளியில். காலையில் ஆளுக்கொரு திசை.

நோட்டுத் திருத்தும்போது மகளுடையதை எப்போதும் அடியில் வைப்பேன். வாத்தியார் பிள்ளைக்குச் சலுகை என்று ஒரு சொல் வந்துவிடக் கூடாது. சில நாள் அவள் நோட்டு வருவதற்குள் மணி அடித்துவிடும். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், வத்தை என்கிற சின்னப் படகில் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை, எழுந்து வந்து அடியிலிருந்து அவள் நோட்டை உருவி மேலே வைத்தான். "சார், இன்னைக்கு பாப்பாவுக்கு மொதல்ல போடுங்க. அதுக்கு நீங்க ஸ்டார் போட்டு ரொம்ப நாளாச்சு."

ஒரே அறையில் ஐந்து வகுப்பும் உட்கார்ந்திருக்கிறது. யாரும் சிரிக்கவில்லை. மகள் குனிந்து, ஒன்றும் எழுதாத இடத்தில் ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் வைத்த வரிசை சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவளுக்கு ஸ்டார் இல்லை என்பதை அந்தப் பையன் கணக்கு வைத்திருந்தானே, அதுதான் அடிக்கடி ஞாபகத்துக்கு வருகிறது.

பெரியபட்டினம் மருமகள்

சார் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். என்னுடையது பள்ளிக்கு வெளியே நடந்தது.

2025 நவம்பர். வாக்காளர் பட்டியல் திருத்தத்துக்கு வீடு வீடாகப் படிவம் கொடுக்கும் வேலை. எனக்குக் கீழக்கரையில் ஒரு வாக்குச்சாவடிப் பகுதி. அதே மாதம் 15ஆம் தேதி டெட், அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு. டெட் வருவதற்கு முன்பே வேலைக்கு வந்தவள் நான். செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருப்பவர்கள் எல்லாரும் இரண்டு வருஷத்துக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று சொல்லிவிட்டது. வீட்டுக்காரர் சவுதியில். பள்ளி விட்டதும் பால்வாடியிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு, ஒரு கையில் அவள், இன்னொரு கையில் படிவக் கட்டு, தோள்பையில் டெட் கைடு என்று அந்தச் சந்துகளில் அலைந்தேன்.

ஒரு வீட்டில் வயதான உம்மா கதவைத் திறந்தார். படிவத்தைப் பார்க்கவே இல்லை, பிள்ளையைத்தான் பார்த்தார். "இத இழுத்துக்கிட்டு எங்கன அலையப் போறே? இங்கன விட்டுட்டுத் தெருவ முடிச்சிட்டு வா. மஃரிபு தொழுகைக்கு முன்ன கூட்டிக்க." முன்பின் தெரியாத வீடு. என்ன தைரியத்தில் விட்டேனோ, விட்டேன்.

திரும்பி வந்தபோது மகள் பாயில் உட்கார்ந்து தொதல் தின்றுகொண்டிருந்தாள். வாயைச் சுற்றி எண்ணெய் மினுக்கம். தலைக்கு எண்ணெய் தடவி, இறுக்கிப் பின்னல் போட்டிருந்தார். நான் நிம்மதியாக அவளுக்குப் பின்னல் போட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. உம்மா என் டெட் கைடைத் தொட்டுப் பார்த்து, "பிள்ளைகளுக்குப் பரீட்சை வைக்கிறவளுக்கே பரீட்சையா?" என்று கேட்டார். அன்றைக்கு யாராவது என்னிடம் கேட்க வேண்டியிருந்த கேள்வி அது. அங்கேயே அழுதுவிட்டேன். மகள் இன்னும் "தொதல் வீட்டுக்குப் போகலாமா" என்கிறாள்.

உச்சிப்புளி ஓய்வு தலைமை ஆசிரியர்

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். என் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று பள்ளியில் ஆண்டாய்வு. மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்து முடிக்கும்போதுதான் நான் உள்ளே நுழைந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் எழுந்து, "சார், முதலில் கை கால் கழுவிச் சாப்பிடுங்கள், பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே சம்பந்தத்துக்குச் சம்மதித்தேன்.

இங்கே எழுதுகிற தங்கைகளுக்குச் சில யோசனைகள். தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள்தான். ஜூன், ஜூலையிலேயே சில்லறையாக எடுத்துத் தீர்த்துவிடாதீர்கள். அக்டோபருக்குப் பிறகு மழைக் காய்ச்சல் வரும்போதுதான் உங்கள் பிள்ளைக்கு நீங்கள் தேவை. மகப்பேறு விடுப்பு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். அதை முழுதாக எடுங்கள், ஆள் இல்லை என்று பள்ளி கூப்பிட்டால்கூட இடையில் வந்து சேர வேண்டாம். எமிஸ் இணையதளத்தில் ஏற்றும் மாணவர் பதிவுகளைப் பள்ளி விட்ட பிறகு செய்யலாம் என்று வைத்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏறுவார்கள், சுற்றிக்கொண்டே இருக்கும். வருகைப் பதிவு முடிந்த கையோடு செய்துவிடுங்கள். துணைக்கருவிகளை வருஷா வருஷம் புதிதாக வெட்டி ஒட்டாமல் கெட்டி அட்டையில் செய்து பத்திரப்படுத்துங்கள். எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளின் கற்றல் நிலையைப் பிரிக்கிற அரும்பு, மொட்டு, மலர் மூன்று நிலைக்கும் எழுத்தட்டை ஒன்றேதான், கேட்கிற கேள்விதான் மாறும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு குழம்பு வைத்து ஃப்ரிட்ஜில் எடுத்து வைத்தால் புதன் வரை ஓடும். பெற்றோர் கூட்டத்தை ஏப்ரல் 15க்குப் பிறகு வைத்தால் மீன்பிடித் தடைக்காலம், அப்பாக்கள் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள், அம்மாக்களை அலைக்கழிக்க வேண்டாம். பாம்பன் டீச்சர், மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கிற தன்னார்வலர் யாராவது பக்கத்தில் இருந்தால் அந்த அம்மாவின் மகளை அங்கே சேர்த்துவிடுங்கள். டெட் எழுதுகிறவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை உள்ள பாடப் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். நாம் தினமும் நடத்துவதுதானே என்று தள்ளிவிட வேண்டாம்.

மண்டபம் காலைச் சாப்பாடு

சார், பெரியவர் நீங்கள், மரியாதையோடு சொல்கிறேன். யாரும் இங்கே யோசனை கேட்கவில்லை. அந்த டீச்சரும் குழம்பு வைக்கத் தெரியாமல் எழுதவில்லை. எங்கள் வீடுகளில் அன்றைக்கு வந்த சூடை மீனை அன்றைக்கே காய்ச்சிச் சாப்பிடுவோம். புதன்கிழமை வரை ஓடுகிற குழம்பை எந்தப் பிள்ளை தொடும்?

நான் டீச்சர் இல்லை. காலை உணவுத் திட்டத்தில் சமைக்கிறேன். 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்ததே, அப்போது எங்கள் மகளிர் குழுவிலிருந்து சேர்ந்தேன். என் மகனும் அதே பள்ளியில் முதலாம் வகுப்பு. அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நான் கிளம்பிவிடுவேன். அடுப்பு பற்ற வைத்த நேரம், இறக்கிய நேரம் எல்லாம் போனில் ஏற்ற வேண்டும், பிந்த முடியாது. அவன் தானே எழுந்து, தானே சட்டை போட்டு வருவான். பட்டன் ஒன்று மாறியிருக்கும். தலை சீவியிருக்காது. நான் கரண்டியும் கையுமாக இருப்பேன். தட்டை நீட்டும் பிள்ளைகளில் அவனும் ஒருவன், அவனுக்கு மட்டும் நின்று பட்டன் போட முடியாது.

எங்கள் பெரிய டீச்சர் பரமக்குடியிலிருந்து வருகிறவர். ஒரு புதன்கிழமை பொங்கல் ஊற்றிக்கொண்டிருக்கும்போது பார்க்கிறேன், வரிசையில் நிற்கும் என் மகனை ஓரமாக இழுத்து, தன் கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலை சீவி, பட்டனை அவிழ்த்துச் சரியாகப் போட்டு, மறுபடி அவன் இடத்திலேயே விட்டார். அவனிடமும் ஒன்றும் சொல்லவில்லை, என்னிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அது தினமும் நடக்கிறது. அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் பஸ் ஏறும்போது அவர்களும் தூக்கத்தில்தான் இருப்பார்கள். நான் கேட்டதில்லை. எப்படிக் கேட்பது?

பாம்பன் டீச்சர், அந்த அம்மாவுக்கு என்னதான் சொன்னீர்கள்? பாதியில் விட்டுவிட்டீர்கள்.

பாம்பன் டீச்சர்

அக்கா, அன்றைக்கு உள்ளதை உள்ளபடி சொன்னேன். "நான் படிக்க வைக்கிறதில்லம்மா. நான் வீடு போக ராத்திரி ஆயிரும். அவன் படிக்கும்போது என் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாங்க. அவங்களுக்கும் வாசிக்கத் தெரியாது."

அந்த அம்மா முகத்தில் அப்படியொரு தெளிவு. "அப்ப பக்கத்துல உக்காந்தாப் போதுமா டீச்சர்? வலையப் பொத்திக்கிட்டே உக்காரலாமா?" உக்காரலாம், அவளைச் சத்தமாக மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள் என்றேன். பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனேன். அந்தப் பெண் பிள்ளை இப்போது மலர் நிலை. வீட்டில் படிக்க வைக்கவும் என்று நோட்டில் எழுதுவதில்லை, "அம்மாவுக்கு வாசித்துக் காட்டு" என்று எழுதுகிறேன்.

என் மகனுக்குத்தான் இன்னும் மாமியார். அது மாறவில்லை.

ராமேஸ்வரம் இடைநிலை ஆசிரியர்

தடைக்காலத்தில் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள் என்று ஐயா எழுதியது பாதிதான் சரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, உண்மை. ஆனால் படகைக் கரையேற்றி மராமத்து பார்ப்பது அப்போதுதான். கேரளாப் பக்கம் தடை ஜூனில்தான் ஆரம்பிக்கும் என்பதால் கூலிக்கு அங்கே போகிறவர்களும் உண்டு. வட்டிக்கு வாங்கியவர் வீட்டில் உட்கார்ந்திருக்க மாட்டார்.

எனக்கு மறக்காதது வேறு. அன்று என் மகன் பிறந்தநாள். சீக்கிரம் வருவதாகச் சொல்லியிருந்தேன், என் மனைவியும் கேக் வாங்கி வைத்துவிட்டாள். முந்தின ராத்திரி எங்கள் ஊர்ப் படகுகள் சிலவற்றை எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையினர் ஆட்களோடு பிடித்துப் போயிருந்தார்கள். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. மாலை பள்ளியைப் பூட்டும்போது நாலாம் வகுப்புப் பையன் ஒருவன் நாலாக மடித்த செய்தித்தாளைக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்தான். பிடிபட்டவர்கள் பெயரெல்லாம் வரிசையாக வந்திருந்தது.

"சார், எங்கப்பா பேரு இருக்கான்னு பாருங்க."

அவனுக்கு நன்றாக வாசிக்கத் தெரியும். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிறவன் அவன்தான். மடிப்புக் கசங்கலைப் பார்த்தால் அவன் அதை எத்தனை தடவை பிரித்து மடித்திருக்கிறான் என்று தெரிந்தது. ஆனாலும் நான் வாசிக்க வேண்டும் என்று நின்றான். வாசித்தேன். இருந்தது. வயதும் சரியாகப் போட்டிருந்தார்கள். "ம்" என்றான், பேப்பரை வாங்கி அதே மாதிரி மடித்துப் பையில் வைத்தான். அவன் வீடு வரை கூடப் போனேன். அவன் பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்ததில் இருட்டிவிட்டது. வீட்டிலிருந்து வந்த போன் எதையும் எடுக்க முடியவில்லை.

நான் போனபோது மகன் தூங்கிவிட்டான். ஏன் பிந்தினேன் என்று இவளிடம் சொன்னேன். கோபமாக இருந்தவள், கேக்கில் பாதியை வெட்டி டப்பாவில் போட்டு, "காலையில் அந்தப் பையனுக்குக் கொண்டுபோங்க" என்றாள். அவன் அப்பா திரும்பி வரப் பல வாரம் ஆனது. படகு இன்னும் வரவில்லை.

சாயல்குடி

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியவில்லை, ஆனாலும் ஒன்று. எங்கள் பக்கம் பதநீர் சீசன் வந்தால் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போய்விடுவார்கள், வகுப்பு பாதி காலி. பிள்ளைகளைத் தேடிப் போன இடத்தில், பனையோலை வேய்ந்த விடிலிக்குள் கருப்பட்டி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம், "உங்களுக்குப் பிள்ளை எத்தனை சார்? எங்க விட்டுட்டு வந்தீக?" என்று கேட்டார். திருவாடானையில் என்றேன். "அம்புட்டுத் தூரமா?" என்று கொதிக்கிற பாகைக் கிண்டுவதை விட்டுவிட்டு என்னையே பார்த்தார்.

தேவிபட்டினம் சார், உங்கள் வீட்டம்மா தொண்டிப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் பள்ளியில் யாராவது நான் இருக்கிற கடலாடி ஒன்றியத்துக்கு மனமொத்த மாறுதல், அதாவது இருவர் சம்மதித்து இடம் மாற்றிக்கொள்வது, கேட்கிறார்களா? நான் இடைநிலை ஆசிரியர். பொதுக் கலந்தாய்வில் எனக்கு இடம் வரவில்லை.

தேவிபட்டினம் சார்

சாயல்குடி சார், கேட்டுவிட்டேன். அவர்கள் பள்ளியில் யாரும் இல்லை. பக்கத்துப் பள்ளியில் முதுகுளத்தூர்க்கார டீச்சர் ஒருவர் சொந்த ஊர்ப் பக்கம் வரத் தவித்துக்கொண்டிருக்கிறாராம், கடலாடி கிடைத்தாலும் போதும் என்கிறாராம். நாளைக்கு என் மனைவி அவரிடம் பேசுவதாகச் சொல்லியிருக்கிறாள். உங்கள் விவரத்தைத் தனியாக அனுப்பி வையுங்கள்.