நான்கு சில்லும் இழுக்கும் வாகனத்துக்கு ஒரு புதிய ரயர் மட்டும் போடலாமா?

கேள்வி: கோப்பாய் வாசி

வணக்கம். என்னிடம் 2014ஆம் ஆண்டுத் தயாரிப்பான சுபாரு ஃபொரெஸ்டர், ஒட்டோமற்றிக் வாகனம் உள்ளது. ரயர் அளவு 225/60 ஆர் 17. ஒழுங்கை ஒன்றில் எதிரே வந்த உழவு இயந்திரத்துக்கு வழிவிட ஒதுங்கியபோது, மதிலோரம் நீட்டிக்கொண்டிருந்த கம்பியொன்று பின்பக்க இடது ரயரின் பக்கச் சுவரைக் கிழித்துவிட்டது. பக்கச் சுவரில் ஒட்டுப் போட முடியாது என்பதை அறிவேன். ஆகவே அந்த ரயரை மாற்றியே ஆகவேண்டும்.

எஞ்சிய மூன்றிலும் பள்ளத்தின் ஆழம் ஏறத்தாழ 5 மில்லிமீற்றர். அதே வகைப் புதிய ரயரில் அது 8 மில்லிமீற்றர். ஒன்று போதும் என்கிறார் கடைக்காரர். இரண்டு வாங்கி முன்னுக்குப் போடச் சொல்கிறார் மைத்துனர். நான்கையும் ஒன்றாக மாற்றாவிட்டால் கியர்பொக்ஸ் கெட்டுவிடும் என்று இன்னும் சிலர் பயமுறுத்துகிறார்கள். நன்றாக ஓடக்கூடிய மூன்று ரயர்களைக் கழற்றி வீச மனம் வரவில்லை. அதேவேளை, 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் விலைகள் ஏறிய விதத்தைப் பார்த்தவன் என்பதால், இந்த வாகனத்தையே இன்னும் நீண்டகாலம் வைத்திருக்க எண்ணியுள்ளேன். அடுத்த மாதம் ஏ9 வீதியால் கொழும்பு போகவும் வேண்டும். விபரம் தெரிந்தவர்கள் காரணத்தோடு விளக்கினால் நன்றி.

பதில் 1: கராச்சுக்காரன்

ஐயா, மூன்று பேரும் ஏதோ ஒருவகையில் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் மூவரும் வெவ்வேறு வாகனங்களை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். முன்சில்லு மட்டும் இழுக்கும் சாதாரணக் காருக்கு இரண்டு ரயர் மாற்றுவது வழமையே. அதிலும் புதியவற்றைப் பின்னுக்குப் போடுவதுதான் நல்லது. மாரி மழையில் பின்பக்கம் வழுக்கினால் வாகனத்தைப் பிடித்து நிறுத்துவது கடினம்.

உங்கள் வாகனத்தில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே, எண்ணெயில் அமிழ்ந்த பல தட்டுகள் கொண்ட கிளச் ஒன்று இருக்கிறது. அதை இறுக்கியும் தளர்த்தியும்தான் கணினி பின் சில்லுகளுக்கு இழுவையைப் பங்கிடுகிறது. எல்லாச் சில்லுகளின் சுற்றளவும் ஒன்றாக இருந்தால், நேரான வீதியில் இரு அச்சுகளும் ஒரே வேகத்தில் சுழலும், தட்டுகள் ஒன்றோடொன்று உரசவேண்டியதில்லை. சுற்றளவு வேறுபட்டால், வளைவே இல்லாத வீதியிலும் வாகனம் திரும்பிக்கொண்டே இருப்பதுபோல அந்தத் தட்டுகள் ஓயாமல் உரசும், எண்ணெய் சூடேறும், தட்டுகள் தேயும்.

இனி உங்கள் கணக்கைப் பார்ப்போம். 225/60 ஆர் 17 புதிய ரயரின் விட்டம் ஏறத்தாழ 702 மில்லிமீற்றர், சுற்றளவு 2205 மில்லிமீற்றர். ஆழத்தில் 3 மில்லிமீற்றர் குறைந்தால் சுற்றளவில் கிட்டத்தட்ட 19 மில்லிமீற்றர் குறையும். ரயர்களுக்கிடையே சுற்றளவு வேறுபாடு கால் அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது சுபாருவின் அறிவுறுத்தல், அதாவது 6.4 மில்லிமீற்றர். ஆழமாகச் சொன்னால் அது வெறும் 1 மில்லிமீற்றர். நீங்கள் அதன் மூன்று மடங்கில் நிற்கிறீர்கள். தேய்ந்த சில்லு கிலோமீற்றருக்கு நான்கு சுற்று அதிகமாகச் சுற்றும். கொழும்பு போய்ச் சேர்வதற்குள் 1500 சுற்றுக்கு மேல் வந்துவிடும்.

ஒன்றை மட்டும் மாற்றினால் அந்த அச்சின் சராசரி வேகம் பாதிதான் மாறும். எனவே நடுக் கிளச்சுக்கு வரும் சுமையும் பாதி. ஆனால் அந்தப் பாதியும் 9 மில்லிமீற்றருக்கு மேல், வரம்பைத் தாண்டியதே. போதாததற்கு, ஒரே அச்சின் இடது, வலது சில்லுகளை வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் பின் டிஃபரன்ஷலின் சிறு பற்சக்கரங்களும் நேர்வீதியில் ஓய்வின்றிச் சுற்றிக்கொண்டிருக்கும்.

பதில் 2: வடமராட்சியான்

அண்ணா சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் இது சற்று மிகைப்படுத்தப்பட்ட பயமோ என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் வீட்டில் உள்ள பழைய ஹொண்டா சிஆர்-வியும் நான்கு சில்லு இழுவைதான். முன்னுக்குப் புதியது, பின்னுக்குப் பாதி தேய்ந்தது என்று பல ஆண்டுகள் ஓடியும் ஒரு முறைப்பாடும் வரவில்லை. இன்னொரு யோசனையும் உண்டு. இரண்டு புதியவை வாங்கி, முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று போட்டால் இரு அச்சுகளின் சராசரியும் சமமாகிவிடும் அல்லவா? அப்போது நடுக் கிளச்சுக்கு வேலையே இராது.

பதில் 3: கராச்சுக்காரன்

தம்பி, உங்கள் கணக்கு பிழையில்லை, நடுக் கிளச் தப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்தச் சுமையை முன், பின் டிஃபரன்ஷல்கள் இரண்டின் தலையிலும் இறக்கி வைக்கிறீர்கள். பின் டிஃபரன்ஷலில் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் அமைப்பு உள்ள வாகனமென்றால் அது இன்னும் மோசம். ஈரவீதியில் அவசரமாக பிரேக் பிடிக்கும்போது இடமும் வலமும் வெவ்வேறு பிடிமானத்தில் இருப்பதும் எனக்கு உவப்பானதன்று.

உங்கள் சிஆர்-வியின் அமைப்பு வேறு. சாதாரண ஓட்டத்தில் அது முன்சில்லு வாகனம். முன்சில்லு பின்சில்லைவிடக் கூடுதலாகச் சுழன்றால்தான் இரு எண்ணெய்ப் பம்பிகளுக்கிடையே அழுத்தம் உண்டாகிப் பின் கிளச் பிடிக்கும், சிறு வேறுபாட்டை அது பொறுத்துக்கொள்ளும். அதோடு, புதிய ரயர் முன்னால் இருந்ததால் முன்சில்லு மெதுவாகவே சுழன்றிருக்கும். அதே சோடியைப் பின்னுக்குப் போட்டிருந்தால் கதை மாறியிருக்கலாம். ஹைலக்ஸ் போன்ற பிக்கப்புகளில் இரு சில்லு இழுவையில் ஓடும்வரை இந்தக் கவலையே இல்லை. நிசான் எக்ஸ்-ட்ரெயிலின் பழைய மொடல்களில் இரு சில்லு இழுவைக்கு மாற்றும் ஆளி உண்டு. சுபாருவிலும் பழைய நான்கு கியர் ஒட்டோமற்றிக் வாகனங்களில் ஒரு ஃபியூஸைச் செருகிப் பின் இழுவையை நிறுத்தலாம். 2014 வாகனத்தில் அந்த வசதியைத் தேடவேண்டாம்.

பதில் 4: மானிப்பாய் வீதி

விவாதம் நன்று, ஆனால் ஒருவரும் அளக்கச் சொல்லவில்லையே! "ஏறத்தாழ 5" என்பதை வைத்து இவ்வளவு பணத்தைச் செலவழிக்கக் கூடாது. மூன்று ரயர்களிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என மூன்று இடங்களில் வேர்ணியரால் ஆழத்தை அளவுங்கள். ஒரு விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் வீல் எலைன்மென்ட் பிழை. அதைத் திருத்தாமல் எதைப் போட்டாலும் வீண். நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். பிறகு காற்றழுத்தத்தைச் சமப்படுத்தி, சமதரையில் ரயரிலும் நிலத்திலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, சில்லு ஒரு முழுச்சுற்றுச் சுற்றும்வரை வாகனத்தைத் தள்ளி, நிலத்துக் கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தை அளவுங்கள். வாகனத்தின் பாரத்தோடு கிடைக்கும் இந்த அளவு, ஏட்டுக் கணக்கைவிட நம்பத்தக்கது.

நான்கு வாங்கப் பணமில்லை என்றால், அதே கம்பனி, அதே வகை, அதே அளவில் 5 மில்லிமீற்றர் ஆழமுள்ள பாவித்த ரயர் ஒன்றைத் தேடுவதே என் தெரிவு. கம்பனி மாறினால், பக்கத்தில் ஒரே அளவு எழுதியிருந்தாலும் உண்மைச் சுற்றளவு மாறக்கூடும். பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத் திகதியையும் பார்க்கவும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். வெயிலில் கிடந்து பக்கச் சுவரில் வெடிப்புவிட்ட ரயர் எவ்வளவு ஆழமிருந்தாலும் வேண்டாம்.

கோப்பாய் வாசி

எல்லோருக்கும் நன்றி. அளந்து பார்த்தேன். முன் இரண்டும் 4.8, பின் வலது 5.1. விளிம்புகளில் வேறுபாடு இல்லை. சுன்னாகத்தில் ஒரு கடையில் அதே வகைப் பாவித்த ரயர் 5.3 ஆழத்தில் கிடைக்கிறது. திகதி, பக்கச் சுவர் இரண்டும் திருப்தி. அதுவரை பெட்டியிலுள்ள ஒடுங்கிய மேலதிகச் சில்லோடு ஓடலாமா?

கராச்சுக்காரன்

சுன்னாகம்வரை போய் மாற்றுவதற்கு ஓடலாம், அன்றாட ஓட்டத்துக்கு வேண்டாம்; 80 கிலோமீற்றர் வேகத்தையும் தாண்டக்கூடாது. 5.3ஐத் தாராளமாக வாங்குங்கள், மிகப்பெரிய வேறுபாடு அரை மில்லிமீற்றர்தான். போட்ட பின் சுண்ணக்கோட்டால் மீண்டும் அளந்துவிட்டு, வெட்டவெளியில் ஸ்ரியறிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். வாகனம் இழுத்துப் பிடிப்பதுபோலத் தயங்கினாலோ விட்டுவிட்டுக் குலுங்கினாலோ, கொழும்புக்கு முன் கராச்சுக்குக் கொண்டுவாருங்கள்.