மாடல் செய்யப் போகணுமா, அடுத்தவர் மாடலைச் சோதிக்கப் போகணுமா?

அரைக்கிணறு:
முனைவர் பட்டம் முடியப்போகிறது. கையில் இரண்டு போஸ்ட்டாக் (பட்டத்துக்குப் பிந்தைய ஆராய்ச்சி வேலை) வாய்ப்பு. ஒன்று, எக்ஸ்ரே பார்த்து நோய் சொல்லும் ஏஐ மாடல் உருவாக்கும் குழு. இன்னொன்று, மருத்துவமனைகளில் ஏற்கெனவே ஓடும் ஏஐ கருவிகளை மதிப்பிடும் குழு. புதிதாக எதையும் செய்ய மாட்டார்கள். எனக்கு மனசு இரண்டாவதில்தான். என் கைடிடம் சொன்னேன். "அடுத்தவன் சமைச்சதுக்கு உப்பு பார்க்கப் போறியா?" என்று சிரித்துவிட்டார். இது ஆராய்ச்சியா, தணிக்கை வேலையா?

பைட்_பாண்டி:
கைடு சொன்னதில் தப்பே இல்லை தம்பி. மதிப்பீடு என்பது மாடல் செய்பவன் கடைசி வாரத்தில் செய்கிற வேலை. டெஸ்ட் செட்டை, அதாவது மாடல் பார்க்காத தரவைத் தனியாக எடுத்து வைக்கிறோம், ஏயூசி (நோயுள்ளவரையும் இல்லாதவரையும் எவ்வளவு நன்றாகப் பிரிக்கிறது என்ற மதிப்பெண்; 1 என்றால் முழுசு, 0.5 என்றால் பூவா தலையா) போடுகிறோம், முடிந்தது. அதற்கு இரண்டு வருடமா? நீ பேப்பர் எழுதி முடிப்பதற்குள் அந்த மாடலுக்கு அடுத்த பதிப்பு வந்திருக்கும். செத்துப்போன மாடலுக்குப் பிரேதப் பரிசோதனை செய்துகொண்டிருப்பாய்.

நைட்_டியூட்டி:
பாண்டி சார், உங்க டெஸ்ட் செட் எங்க வார்டுப் பக்கம் வந்ததே இல்ல. முன்னாடி நான் வேலை பார்த்த இடத்துல செப்சிஸ் (கிருமித் தொற்று முத்தி உயிருக்கே ஆபத்தாகுற நிலை) வருதான்னு சொல்ற ஏஐ எச்சரிக்கை ஒண்ணு மாட்டினாங்க. ராத்திரி மூணு மணிக்கு போன் அதிருது, "ஆபத்து அதிகம்"னு. ஓடிப்போய்ப் பார்த்தா, அந்தப் பேஷண்ட்டுக்கு நான் பதினொரு மணிக்கே பிளட் கல்ச்சர் அனுப்பியாச்சு, ஆன்டிபயாட்டிக் டிரிப் பாதி இறங்கியாச்சு. நான் போட்ட ஆர்டரைப் பார்த்துட்டு எனக்கே திருப்பிச் சொல்லுது! உங்க கணக்குல இது "சரியாகக் கண்டுபிடித்தது". எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போச்சு. அடுத்த வாரம் வார்டுல எல்லாருமே அந்தச் சத்தத்தை அணைச்சு வச்சிருந்தோம்.

பாதிக்குப்பாதி:
புள்ளியியல்காரன். டாக்டர் சொல்வதற்குப் பக்கத்தில் ஓர் ஆய்வைச் சொல்கிறேன்; அவர் வார்டில் ஓடியது எது என்று எனக்குத் தெரியாது. மருத்துவமனை மென்பொருள் செய்யும் எபிக் நிறுவனத்தின், அமெரிக்காவில் பரவலாகப் பயன்பட்ட செப்சிஸ் மாடலை மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு தங்கள் நோயாளிகளிடம் சோதித்து 2021-ல் வெளியிட்டது. நிறுவனம் சொன்ன ஏயூசி 0.76 முதல் 0.83 வரை. அங்கே கிடைத்தது 0.63. செப்சிஸ் வந்தவர்களில் 67 சதவீதம் பேரைக் கோட்டைவிட்டது. உள்நோயாளிகளில் 18 சதவீதம் பேருக்கு அலாரம் அடித்தும் இந்த நிலை. கடைசி வாரத்து வேலைதானே பாண்டி, அதை ஏன் யாரும் முன்பே செய்யவில்லை?

பைட்_பாண்டி:
ஒரு சொத்தைக் கத்தரிக்காயைக் காட்டித் தோட்டமே வீண் என்கிறீர்கள். ஸ்வீடனில் மாசாய் என்ற மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை ஆய்வு, 80,000 பெண்கள். 2023-ல் வந்த முதற்கட்ட முடிவில் ஏஐ துணையோடு புற்றுநோய் கண்டுபிடித்தது ஆயிரம் பெண்களுக்கு 6.1 பேரிடம், வழக்கமான முறையில் 5.1. கதிரியக்க மருத்துவர்கள் படம் படிக்கும் வேலை 44 சதவீதம் குறைந்தது. நல்ல மாடல் செய்தால் நல்லது நடக்கிறது. ஆட்கள் அங்கேதான் வேண்டும்.

பாதிக்குப்பாதி:
பாண்டி, நீங்கள் எனக்காக வாதாடுகிறீர்கள். மாசாய் மாடல் செய்த ஆய்வு இல்லை. சந்தையில் இருந்த கருவியை எடுத்து, குலுக்கல் முறையில் பெண்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்த ஆய்வு. அந்த 6.1-ஐ உங்களுக்குக் கொடுத்ததே உப்பு பார்த்தவர்கள்தான்.

உப்பு பார்க்காமல் விட்ட கதையும் இதே துறையில் இருக்கிறது. மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) பார்க்க உதவும் பழைய கணினிக் கருவிக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி. ஊரெல்லாம் வாங்கினார்கள். 2007-ல் ஓர் ஆய்வு எச்சரிக்கை மணி அடித்தது. 2015-ல் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் பதிவுகளைப் பார்த்தால், அந்தக் கருவியால் துல்லியம் கூடவில்லை. பதினேழு வருடம்.

தம்பிக்கு ஒரு கணக்கு. 10,000 பேர், அதில் 100 பேருக்கு நோய். நோயாளிகளில் 90 சதவீதம் பேரைப் பிடித்து, நோயில்லாதவர்களில் 90 சதவீதம் பேரைச் சரியாக விட்டுவிடும் மாடல். கேட்க நன்றாக இருக்கிறதா? பிடிபடும் நோயாளிகள் 90, வீணாகக் கலங்குபவர்கள் 990. இதே மாடலை நோய் அதிகமுள்ள வார்டில் வைத்தால் கணக்கே வேறு. மாடலை மட்டும் பார்த்து நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது, எங்கே வைக்கிறோம் என்பதும் சேர்ந்ததுதான் கேள்வி.

பைட்_பாண்டி:
அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். மருத்துவரை யார் மதிப்பிடுகிறார்கள்? அதைச் சொல்லுங்கள். 2024-ல் 50 மருத்துவர்களை வைத்து ஒரு சோதனை. எழுதிக் கொடுத்த கேஸைப் படித்து நோயைக் கண்டறிய வேண்டும். ஜிபிடி-4 என்ற உரையாடல் ஏஐ துணையோடு பார்த்தவர்களுக்கு மதிப்பெண் 76 சதவீதம், துணையில்லாமல் பார்த்தவர்களுக்கு 74. ஜிபிடி-4 தனியாக 92. இயந்திரத்தை விட்டுவிட்டு மனிதனைச் சோதியுங்கள்.

நைட்_டியூட்டி:
அந்தக் கேஸையெல்லாம் எழுதி வச்சது யாரு சார்? பேஷண்ட் சொன்ன நூறு விஷயத்துல எது முக்கியம்னு பொறுக்கி ஒரு பக்கத்துல அடக்கினாங்களே, பாதி வேலை அங்கேயே முடிஞ்சிருச்சு. எங்ககிட்ட வர்றவங்க "என்னமோ ஒரு மாதிரியா இருக்கு"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.

மனுஷனைச் சோதின்னு நீங்க சொன்னதுல எனக்கும் சம்மதம். போலந்துல பார்த்திருக்காங்க, 2025-ல வந்தது. ஏஐயோட கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்க்குறது) செஞ்சு பழகின மருத்துவர்கள், அது இல்லாம செய்யும்போது கட்டி கண்டுபிடிக்கிற விகிதம் 28.4-லிருந்து 22.4 சதவீதமாச்சு. உங்க டெஸ்ட் செட்டுல இது எந்தக் காலத்துல வரும்?

விழித்திரை_அக்கா:
நான் கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பவள், வாதம் வராது. தாய்லாந்தில், விழித்திரைப் படம் பார்த்து நோய் சொல்லும் கூகுளின் மாடலைக் கிளினிக்குகளில் வைத்துப் பார்த்ததாக 2020-ல் ஒரு கட்டுரை. 1,838 படங்களில் 21 சதவீதத்தைத் "தரம் போதாது" என்று அது தள்ளியது. எனக்கு ஆச்சரியமே இல்லை. கண்புரை இருந்தால் படம் கலங்கும், அறையில் வெளிச்சம் இருந்தால் கண்மணி விரியாது. நாலு தடவை எடுத்த பிறகு பெரியவர் தாடையை எடுத்துவிடுவார், "போதும்மா, கண் கூசுது". அந்த ஐந்தாவது படத்தை எந்த ஏயூசியில் சேர்ப்பீர்கள்?

பைட்_பாண்டி:
அக்கா, இதற்குப் பதில் இல்லை. ஆனால் பதிப்பு பற்றிக் கேட்டதற்கு இதுவரை யாரும் வாய் திறக்கவில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு புது மாடல். ஒவ்வொன்றுக்கும் குலுக்கல் ஆய்வா?

பாதிக்குப்பாதி:
நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடமும் இல்லை. புதுப் பதிப்பைப் பின்னணியில் ஓடவிட்டு, மருத்துவர் கண்ணில் காட்டாமல், பழையதோடு ஒப்பிடலாம். தவறைப் பிடிக்க அது போதும். மருத்துவரின் நடத்தை மாறுகிறதா என்பதைப் பிடிக்காது. எந்த மாற்றத்துக்கு எந்த அளவு சோதனை என்பதற்கு இன்னும் ஒத்துக்கொண்ட விதி கிடையாது. தம்பிக்கு இரண்டு வருடத்துக்கு வேலை வேண்டுமென்றால் இதோ இருக்கிறது.

அரைக்கிணறு:
நாளை மறுநாள் இரண்டாவது குழுவோடு நேர்காணல். கருவி செய்த நிறுவனமும் அதற்குப் பணம் போடுகிறது என்று விளம்பரத்தின் அடியில் இப்போதுதான் பார்த்தேன். முடிவு மோசமாக வந்தால் வெளியிட விடுவார்களா என்று கேட்கலாமா? கேட்டால் தப்பாக நினைப்பார்களா?

பைட்_பாண்டி:
கேள். அதுவும் வாய்வார்த்தையாக வேண்டாம், எழுத்தில் வாங்கு. நான் முன்பு இருந்த இடத்தில் இப்படி ஓர் அறிக்கை இழுப்பறையிலேயே கிடந்தது. எந்த இடம் என்று கேட்காதே. ஆனால் சம்பளம் என்று பார்த்தால், முதல் குழுவில்தான் அதிகம் தருவார்கள்.