கடலுக்கே ரெண்டு மாசம் லீவு: 24 வருஷ ஊழியத்துக்குப் பிறகு எடுத்த ஓய்வு

காசிமேடு கல்லறையில் ஒரு அடக்க ஆராதனை. முடிவு ஜெபத்தில் இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொல்ல வேண்டிய இடத்தில், முந்தின வாரம் அடக்கம் செய்த வேறொருவரின் பெயரைச் சொல்லிவிட்டேன். மகள் என் கையைத் தொட்டு, "ஐயா, அம்மா பேரு அது இல்ல" என்று மெதுவாகச் சொன்னாள். 18 வருஷம் எங்கள் சபையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அந்த அம்மா. வீட்டுக்கு வந்து எனக்கு அழுகை வரவில்லை. வரவில்லையே என்பதுதான் பயமாக இருந்தது.

நான் ராயபுரத்தில் இருக்கும் ஒரு போதகர். 2000-ல் ஒரு வீட்டு மாடியில் ஆரம்பித்த சபை எங்களுடையது. வெள்ளி உபவாச ஜெபம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம், நடுவில் வீட்டு ஜெபங்கள், கல்யாணம், சாவு, குடும்பச் சண்டைப் பஞ்சாயத்து. 2020 மே மாதம் சென்னையிலேயே கொரோனா அதிகமாக இருந்த மண்டலம் ராயபுரம். அந்த நாட்களில் நான் செய்த அடக்கங்களில் பலவற்றுக்கு வீட்டு ஆட்களே முழுசாக வர முடியவில்லை. அதற்கு அடுத்த வாரமே செல்போனில் ஆராதனை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணூர்ப் பக்கம் வீடுகளுக்குள் எண்ணெய் கலந்த தண்ணீர் புகுந்தபோது அரிசியும் பாயும் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதிலும் நின்று துக்கப்பட நேரம் இருந்ததில்லை. அடுத்த காரியம் எப்போதும் வாசலில் நின்றது.

ஓய்வு எடுக்கச் சொன்னது எங்கள் சபை மூப்பர், ஒரு விசைப்படகுக்காரர். ஒரு நாள் துறைமுகத்தில் வைத்துச் சொன்னார்: "ஐயா, கடலுக்கே வருஷத்துல ரெண்டு மாசம் லீவு உடுறாங்க. நீங்க இன்னா, கடலவிடப் பெரியவரா?"

தெரியாதவர்களுக்காக: நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017 முதல் 61 நாள். படகைக் கரையேற்றி அடியில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டுவதும், இன்ஜினைப் பிரித்துப் பார்ப்பதும், வலையைச் சீராக்குவதும் அப்போதுதான்.

அவரே மற்ற மூப்பர்களிடம் பேசினார். 2024 ஏப்ரல் 15, திங்கட்கிழமை, தடைக்காலம் தொடங்கிய அதே நாளில் எனக்கும் ஆறு மாத ஓய்வு தொடங்கியது. மாதக் காணிக்கையில் எனக்கு வரும் பங்கை நிறுத்தவில்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். எங்களைப் போன்ற தனிச் சபைகளில் பதிலுக்கு ஒருவரை அனுப்ப மேலே பேராயம் என்று ஒரு நிர்வாகம் கிடையாது, பென்ஷன் கிடையாது. சபை மனசு வைத்தால்தான் உண்டு.

எல்லாரும் மனசு வைக்கவில்லை. "பாஸ்டர் பின்மாறிட்டாரா?", அதாவது விசுவாசத்தை விட்டு விலகிவிட்டாரா என்று பேச்சு வந்தது. கலப்பையில் கை வைத்துவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றிய வசனத்தை ஒரு சகோதரர் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். அந்த வசனத்தில் நானே நாலு தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்.

முதல் மூன்று வாரம் தூங்கினேன். வேதம் திறந்தால் கண் உடனே பிரசங்கக் குறிப்பு தேடியது. அதனால் சில நாள் திறக்கவே இல்லை. குற்ற உணர்வாக இருந்தது. அப்போதுதான் எலியாவின் கதை புதிதாகப் பிடிபட்டது. சூரைச்செடியின் கீழ் படுத்து, சாக வேண்டும் என்றவரிடம் தூதன் முதலில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். இங்கே உனக்கு என்ன காரியம் என்ற கேள்வி ஓரேபில்தான் வந்தது. பேதுருவுக்கும் அப்படியே. மீன்பிடிக்கப் போகிறேன் என்று பழைய படகுக்கே திரும்பியவருக்கு ஆண்டவர் கரையில் கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் வைத்து, சாப்பிட வைத்த பிறகுதான் "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்டார். எங்கள் ராயபுரத்துக்குப் பெயரே ராயப்பரால் வந்தது என்பார்கள். கத்தோலிக்கர்கள் பேதுருவை அப்படித்தான் அழைப்பார்கள். அந்தப் பெயரில் இத்தனை வருஷம் குடியிருந்தும் இந்த வரிசையை நான் கவனித்ததில்லை.

ஞாயிறுகளில் ஏதாவது ஒரு சபையில் கடைசி வரிசையில் உட்காருவேன். ஒரு இடத்தில் ஒரு வாலிபத் தம்பி வந்து, "பிரதர், புதுசா வந்திருக்கீங்களா? உங்களுக்காக ஜெபிக்கணுமா?" என்று கேட்டான். என்னிடம் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆகிறது! ஆமாம் என்றேன். கல்லறையில் வராத அழுகை அங்கே வந்தது.

ஜூன் 14 இரவு படகுகள் கிளம்புவதைப் பார்க்கப் போனேன். என் கால்களும் பரபரத்தன. சரி, திரும்பிவிடலாம், இல்லாவிட்டால் ஊழியத்தையே விட்டுவிடலாம், இரண்டில் ஒன்றை இன்றே முடிவு செய்வோம் என்று தோன்றியது. அப்போது என்னைப் பிடித்து நிறுத்தியவர் பெரம்பூரில் எனக்குப் பழக்கமான ஒரு கத்தோலிக்க ஃபாதர். எங்கள் ஆட்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ என்ற கூச்சத்தோடுதான் போனேன். எது தேவசித்தம் என்று பொறுமையாகப் பிரித்தறிவதைக் கத்தோலிக்கர்கள் 'தேர்ந்து தெளிதல்' என்கிறார்கள். 1521-ல் ஸ்பெயினில் பாம்பலோனாவில் பீரங்கிக் குண்டு காலை உடைத்துப் படுக்கையில் கிடந்தபோது, பிற்பாடு இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் கவனித்த விஷயத்தை ஃபாதர் சொன்னார். போர்வீரனாகப் புகழ் பெறுவதை நினைத்தால் அந்த நேரத்துக்கு இனித்தது, பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் சந்தோஷம் பிறகும் தங்கியது. "மனசு வறண்டு கிடக்கிறப்போ பழைய தீர்மானத்தை மாத்தாதீங்க பாஸ்டர். எது தங்குதுன்னு மட்டும் எழுதுங்க" என்றார்.

தினமும் இரவு இரண்டு வரி எழுதினேன். எது தங்கியது, எது வறட்டியது. மூன்று மாதம் கழித்துப் படித்தபோது எனக்கே ஆச்சரியம். 'வறட்டியது' பக்கத்தில் கட்டிட நிதி, கமிட்டி, மேடை எல்லாம். 'தங்கியது' பக்கத்தில் திரும்பத் திரும்ப ஸ்டான்லி ஆஸ்பத்திரி. தெரிந்தவர் ஒருவருக்குச் சாப்பாடு கொண்டுபோய், பக்கத்துப் படுக்கைக்காரரோடு பேச உட்கார்ந்து, அதுவே பழக்கமாகியிருந்தது. அங்கே நான் பாஸ்டர் என்று யாருக்கும் தெரியாது.

அக்டோபரில் திரும்பினேன். நிர்வாகமும் பாதிப் பிரசங்கமும் இப்போது இரண்டு இளைய ஊழியர்களிடம். செவ்வாயும் வியாழனும் நான் ஆஸ்பத்திரியில். வருகை கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது இன்னும் வலிக்கத்தான் செய்கிறது.

*தண்டையார்பேட்டையிலிருந்து, ஒரு போதகரின் மனைவி:*

ஐயா, உங்கள் அனுபவம் படித்து அழுதேன். ஒரு கேள்வி. அந்த ஆறு மாதமும் பாஸ்டரம்மாவுக்கு ஓய்வு இருந்ததா? என் கணவர் மூன்று மாதம் ஓய்வு எடுத்தபோது வீட்டுக்கு வரும் விசுவாசிகளுக்கு டீ போட்டதும், ஞாயிறு பள்ளி எடுத்ததும், "பாஸ்டருக்கு என்னம்மா ஆச்சு" என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் நான்தான். என்னை யாரும் அழைத்து ஊழியத்தில் வைக்கவில்லை, கல்யாணம் பண்ணி வைத்தார்கள். ஆனாலும் எனக்கென்று ஒரு அழைப்பு உண்டு என்று நம்புகிறேன். அது என்ன என்று உட்கார்ந்து யோசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

*வியாசர்பாடியிலிருந்து:*

நான் ஓய்வு எடுத்தேன், திரும்பவில்லை. 15 வருஷம் வாலிபர் ஊழியம். இப்போது பாரிமுனையில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். முதல் ஒரு வருஷம் தேவனிடமிருந்து ஓடிவிட்டதாகவே நினைத்தேன். இப்போது அப்படி இல்லை. காலையில் 6 மணிக்கு ஜெபிக்கிறேன், யாருக்கும் அறிக்கை கொடுக்க வேண்டியதில்லை. சம்பளம் ஒன்றாம் தேதி வருகிறது, பிள்ளைகளுக்குப் பீஸ் கட்ட யாரிடமும் கை நீட்டவில்லை. ஓய்வு எடுக்கப் போகிறவர்களுக்கு ஒன்று: கையில் ஆறு மாதச் செலவுக்குப் பணம் இல்லாமல் தொடங்காதீர்கள். கடன்காரன் வாசலில் நிற்கும்போது தேவ சத்தம் காதில் விழாது.

*மறுபடி நான், ராயபுரத்திலிருந்து:*

தண்டையார்பேட்டை சகோதரிக்கு: இல்லை அம்மா, இருக்கவில்லை. உங்கள் கேள்வியை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "யாரோ கேட்டாங்களே" என்றாள்.

வருகிற ஏப்ரல் 15 முதல் இரண்டு மாதம் அவளுக்கு லீவு. தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்குப் போக முத்துநகர் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த இரண்டு மாதமும் ஞாயிறு பள்ளியை யார் எடுப்பது என்று மூப்பர்கள் கேட்டார்கள். நான் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பாட்டுக்கு ஆக்‌ஷன் எப்படிச் செய்வது என்று நேற்று இரவு ஹாலில் வைத்து அவள் எனக்குக் கற்றுக்கொடுத்தாள்.