கபடியில் அவுட் ஆனபின் எப்போது உள்ளே வருவது? மகனுக்குப் புரிய வைக்க உதவுங்கள்

தேனி அம்மா:
என் மகனுக்கு 11 வயது. கற்றல் குறைபாடு இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படுவான், இரண்டு மூன்று வேலையைச் சேர்த்துச் சொன்னால் முதல் வேலையோடு நின்றுவிடுவான். ஆனால் கபடி என்றால் உயிர். தெருப் பையன்களும் சேர்த்துக்கொள்கிறார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. அவுட் ஆனால்தான் சிக்கல். தன் அணிக்கு ஒரு பாயிண்ட் வந்ததுமே எழுந்து உள்ளே ஓடுகிறான், "உன் முறை இல்லடா" என்று திருப்பி அனுப்பினால் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிக்கொண்டே அழுகிறான். நேற்று வரிசையில் அவன்தான் முதல் ஆள், பாயிண்டும் வந்தது, அப்போதும் உட்காரச் சொல்லிவிட்டார்கள். எனக்கே காரணம் புரியவில்லை, அவனுக்கு என்ன சொல்வது?

பி.டி. மாஸ்டர்:
நேற்று வந்தது போனஸ் பாயிண்டாக இருக்கும்மா. எதிரில் 6 அல்லது 7 பேர் நிற்கும்போது ரைடர், அதாவது பாடிப் போகிறவர், அவர்கள் பக்கத்தில் போட்டிருக்கும் போனஸ் கோட்டைத் தாண்டிக் கால் வைத்தால் கிடைப்பது அது. அதற்கு வெளியே இருப்பவர் யாரும் உள்ளே வர முடியாது. எதிரணியில் ஆள் அவுட் ஆனால்தான், ஒருவருக்கு ஒருவர் என்று நம் ஆள் வரலாம், அதுவும் முதலில் வெளியேறியவர் முதலில். அதனால் பாயிண்டைப் பார்க்கச் சொல்லாதீர்கள். "அங்கே ஒருத்தன் வெளியே நடந்தா இங்கே ஒருத்தன் உள்ளே" என்று ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள், தினமும் அதே வார்த்தைகளில். எண்ணத் தடுமாறுகிற பிள்ளைக்கும் ஓர் ஆள் நடந்து போவது கண்ணில் படும்.

புளியங்கொட்டை:
அக்கா, என் மகளுக்கு இதைத் தரையில் விளையாடித்தான் காட்டினேன். சாக்பீஸால் சின்னதாகக் களம் போட்டு, ஒரு பக்கம் 7 புளியங்கொட்டை, மறுபக்கம் 7 சட்டைப் பொத்தான். ஒரு பொத்தான் வெளியே போனால் வெளியே காத்திருக்கும் கொட்டைகளில் முதல் கொட்டையை அவளே எடுத்து உள்ளே வைக்க வேண்டும். ஒரு வாரம் அது மட்டும்தான், வேறு விதியே பேசவில்லை. அப்புறம் வாசலில் நிஜக் கோடு போட்டு, கொட்டைக்குப் பதில் அவளையும் தம்பியையும் நிற்க வைத்தேன். அவசரப்பட்டு எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லிவிடாதீர்கள், நான் முதலில் அதைத்தான் செய்தேன், பிள்ளை விளையாடவே வரமாட்டேன் என்றாள்.

பழைய கார்னர்:
மாஸ்டர் சொன்னது சரி. கூடவே ஒன்று, அவனுக்கு ஒரே இடத்தைக் கொடுக்கச் சொல்லுங்கள், தினமும் இடது கார்னர் என்றால் இடது கார்னர்தான். பக்கத்தில் எப்போதும் அதே பையன் கைகோத்து நிற்கட்டும். ரைடர் நெருங்கினால் அந்தப் பையன் கையைப் பின்னால் இழுப்பான், பிடிக்கப் பாயும்போது முன்னால் இழுப்பான். "பின்னாடி வா, லெப்ட்ல ஏறு" என்று ஆளாளுக்குக் கத்துவதைவிட அந்த இழுப்பு அவனுக்குச் சட்டென்று புரியும். நாங்களெல்லாம் கார்னர் நிற்கக் கற்றுக்கொண்டதே அப்படித்தான்.

தேனி அம்மா:
ரொம்ப நன்றி. இன்று சாயங்காலம் கொட்டைகளை வைத்துப் பார்த்தோம். நான் வேண்டுமென்றே போனஸ் என்று சொல்லிவிட்டு அவன் கொட்டையை எடுக்கப் போனேன், என் கையைப் பிடித்து, "யாரும் வெளியே போகலையேம்மா" என்றான்! களத்தின் இரண்டு ஓரமும் இருக்கும் பட்டை, அந்த லாபி இன்னும் குழப்பம்தான், ரைடர் ஆளைத் தொட்டபின் மட்டும் அங்கே எப்படிக் கால் வைக்கலாம் என்று கேட்கிறான். அதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்கிறேன் மாஸ்டர்.