ஈரோட்டுல இருந்து ஒரே நாள்ல மூணு சோழர் கோயிலும் பாக்க முடியுமாங்க?

ஏனுங்க, பசங்க லீவுக்கு எங்க ஆத்தாவையும் கூட்டிட்டு கார்ல தஞ்சாவூர், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் போலாம்னு இருக்கறேன். ஆத்தாவுக்கு முட்டி வலி, ஆனா பெரிய கோயில கண்ணால பாத்தரோணும்னு பல வருசமா சொல்லீட்டே இருக்குது. வெடியால 4 மணிக்கு கெளம்புனா ராத்திரிக்குள்ள வூடு வந்து சேந்தரலாமுங்களா?

பதில் 1:
முடியும், ஆனா ஆத்தாவ வெச்சுட்டு வேண்டாமுங்க. கரூர், திருச்சி வழியா தஞ்சாவூர் போகவே நாலு மணி நேரம் புடிக்கும். போனதும் மொதல்ல பெரிய கோயிலப் பாத்தருங்க, வெயில் ஏறிருச்சுன்னா கல்லுல வெறுங்கால வெக்க முடியாது, மத்தியானம் நடையும் சாத்தீருவாங்க. 1010ல ராஜராஜன் கட்டி முடிச்சது, விமானம் 200 அடிக்கு மேல, பசங்கள அடியில நிக்க வெச்சு அண்ணாந்து பாக்கச் சொல்லுங்க. பொழுதோட தாராசுரம். அங்க காளையும் யானையும் ஒரே தலையில இருக்கற சிற்பம் ஒண்ணு இருக்குதுங்க, ஒரு பக்கத்த கையில மறைச்சா காளை, இன்னொரு பக்கத்த மறைச்சா யானை. எம் பொண்ணு அந்த எடத்த விட்டு நகரவே இல்ல.

பதில் 2:
கங்கைகொண்ட சோழபுரத்த மட்டும் விட்டறாதீங்க. ராஜேந்திரன் கட்டுனது. சண்டேசருங்கற பக்தரோட தலையில சிவன் பூமாலை சுத்தற சிற்பம், அந்த வெரல்கள கிட்டப் போயி பாருங்க, கல்லுன்னே தோணாது. கும்பகோணத்துல ஒரு ராத்திரி தங்கீட்டு அடுத்த நாள் காலைல போங்க.

கேட்டவர்:
ரொம்ப நன்றிங்க. ஆத்தாகிட்ட சொன்னேன், ரெண்டு நாளாவே போலாம் சாமின்னு சொல்லீருச்சு. கும்பகோணத்துல ரூம் போடறேன்.